அர்ச்சனாவின் புது நன்மை

சூசைபாளையம்
மார்ச் 8

அன்புள்ள சிஸ்டர் ஆரோக்கியசெல்வி அவர்களுக்கு,

ரோசம்மாளின் தோத்திரம். உங்கள் கடிதம் பதினோரு நாள் ஊர் சுற்றிவிட்டு நேற்று வந்து சேர்ந்தது. ஜார்க்கண்டில் இன்னும் கம்பளி தேவைப்படுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே தவக்காலம் பாதிகூட ஆகவில்லை, அதற்குள் பள்ளிக்கூடத்து ஓடு காய்கிறது. நான் இருக்கிறேன். முட்டி வலியும் என்னோடு இருக்கிறது. சர்க்கரை மாத்திரை ஒன்றரையிலிருந்து இரண்டாகிவிட்டது. இதற்குமேல் உடம்பைப் பற்றி எழுதினால் ஒரு தாள் வீண்.

ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும், பிள்ளைகளை முதல் நற்கருணை அப்பம் வாங்கத் தயார்செய்கிற இந்தப் புது நன்மை வகுப்பை ஏன் விடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஃபாதர் புகழ்வேந்தன் நம் பங்குக் கோயிலுக்கு வந்தபோது, "இந்த ஒரு வருஷம் மட்டும் பாத்துக்குங்க டீச்சர்" என்றார். அந்த ஒரு வருடம் மூன்றாவது வருடமாக ஓடுகிறது. மாலை நாலு மணிக்கு மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓட, என் பன்னிரண்டு பேர் மட்டும் பலகையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள். சில நாள் நான் முந்திக்கொள்கிறேன்.

பள்ளியில் இப்போது நூற்றுப் பதினோரு பிள்ளைகள். அதில் நம் பிள்ளைகள் முப்பதுகூட இல்லை. மற்றவர்கள் மடுகரை, நெட்டப்பாக்கம் பக்கத்து இந்து விவசாயக் குடும்பங்கள். ஆனால் காலைச் செபத்தில் பரலோக மந்திரத்தைப் பிழையில்லாமல் சத்தமாகச் சொல்வது யார் தெரியுமா? கரும்புத் தோட்டக்காரர் மகன் ஹரிஹரன். "எனக்கு எப்ப டீச்சர் புது நன்மை?" என்று என்னை வழிமறித்துக் கேட்கிறான். அவன் அம்மா பிரேமா, புது நன்மைப் பவனியில் மெழுகுதிரி பிடிக்க இப்போதே வெள்ளைச் சட்டை தைத்துவிட்டார். எல்லாப் பிள்ளைகளும் திரி ஏந்தி வரட்டும் என்று நீங்கள் தலைமை ஆசிரியையாக இருந்தபோது ஆரம்பித்து வைத்த பழக்கம், இன்னும் நிற்கவில்லை.

போன சனிக்கிழமை பிள்ளைகள் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். ஒரு கூத்து நடந்தது. பாவம் என்றால் என்ன என்று சும்மா சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது என்று வழக்கம்போல உதாரணம் கொடுத்தேன். அண்ணனின் பென்சிலைக் கேட்காமல் எடுத்தது, அம்மாவிடம் பொய் சொன்னது, பூசையில் தூங்கியது. முடிந்ததும் ஃபாதர் வெளியே வந்து சிரிப்பை அடக்க முடியாமல், "டீச்சர், பன்னெண்டு பேரும் அண்ணனோட பென்சில எடுத்திருக்காங்க. அதுல ஏழு பேருக்கு அண்ணனே இல்ல" என்றார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, நாற்பது வருடமாக எத்தனை பிள்ளைகள் என் பாவத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கும் என்று யோசித்தேன்.

என் ஞானப்பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனக்கொடியின் சின்ன மகள், அர்ச்சனா. ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தாயாக நின்று ஏந்திக்கொண்டபோது சாமியாரின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயது. இந்த வருடம் புது நன்மை வாங்கப்போகிறாள். வகுப்பிலேயே கேள்வி கேட்கிற ஒரே பிள்ளை. பத்துக் கட்டளை நடத்தும்போது எழுந்து, "டீச்சர், ஸ்கூல்ல அர்ச்சனாங்கறாங்க, கோயில்ல பெர்னதெத்துங்கறாங்க. எங்கப்பாவுக்குக் கோயில்ல இஞ்ஞாசி, ரேசன் கார்டுல கொழந்தவேலு. இதுல ஏதாச்சும் ஒண்ணு பொய்யா டீச்சர்?" என்று கேட்டாள்.

என்ன சொல்வேன்? கோயில் புத்தகம் ஒரு பெயரும் அரசாங்கப் புத்தகம் ஒரு பெயரும் வைத்துக்கொள்வது அவர்கள் தெருவில் மூன்று தலைமுறைப் பழக்கம். கிறிஸ்தவர் என்று காகிதத்தில் ஏறினால் எஸ்.சி. சான்று போய்விடும். சான்று போனால் படிப்பும் வேலையும் போகும். சாதி மட்டும் போகாது, அது எங்கே ஞானஸ்நானம் வாங்கினாலும் கூடவே வரும். இதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் எந்த உதாரணம் வைத்துச் சொல்வது? வீட்டில் கூப்பிட ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் எல்லாருக்கும் உண்டுதானே என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒப்புக்கொண்ட முகமாக இல்லை.

அவள் அக்கா வைஜெயந்தி நர்சிங் இரண்டாம் வருடம். அந்தச் சீட்டும் அந்தச் சான்றால் கிடைத்ததுதான். போன மாதம் வெள்ளைக் கோட்டோடு பள்ளிக்கு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

கை வலிக்கிறது. சபையின் பிள்ளைகளுக்கெல்லாம் என் அன்பு. எனக்கு இன்னும் ஏழு வாரத்துக்குத் தெம்பு வேண்டும் என்று ஒரு ஜெபமாலை சொல்லுங்கள், அதற்குமேல் கேட்கவில்லை.

அன்புடன்,
ரோசம்மாள்


சூசைபாளையம்
ஏப்ரல் 11

அன்புள்ள சிஸ்டர்,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துச் சொல்லாமல் ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என்னால் ஒரு தப்பு நடந்துவிட்டது. போனில் சொல்லப் பயமாக இருக்கிறது. நடந்த தப்பே போன் வழியாகத்தான் பரவியது.

இந்த வருடம் புது நன்மைப் பிள்ளைகளில் இரண்டு பெர்னதெத் இருக்கிறார்கள். போன வருடம் இரண்டு அந்தோணி இருந்து, ஒருவனுடைய சான்றிதழ் இன்னொருவன் வீட்டுச் சுவரில் தொங்கியது. அந்தக் குழப்பம் வேண்டாம் என்று பட்டியல் எழுதும்போது கவனமாக இருந்தேன். சிஸ்டர், நான் கவனமாக இருந்தேன் என்பதுதான் கொடுமை. ஒரு பெர்னதெத்துக்குப் பக்கத்தில் 'தெற்குத் தெரு' என்று எழுதினேன். மற்றவளுக்குப் பக்கத்தில் 'அர்ச்சனா, நான்காம் வகுப்பு, த/பெ குழந்தைவேல்' என்று எழுதினேன். இருவருக்கும் தெருவை எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று இரண்டு வாரமாக என்னையே கேட்கிறேன். கை அப்படிப் போயிற்று. பள்ளிக்கூடத்துக் கையும் கோயில் கையும் ஒரே கை என்பது அன்றைக்கு மறந்துவிட்டது.

இளைஞர் மன்றத்தார் அந்தப் பட்டியலைப் படம் பிடித்து மடுகரை ஃபிளக்ஸ் கடைக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் என்ன செய்வார்? எழுதியதை எழுதியபடியே அடித்தார். குருத்து ஞாயிறு பூசைக்குப் போனால் முச்சந்தியில் பன்னிரண்டு அடி நீளத்துக்குக் கட்டியிருந்தது. 'புது நன்மை பெறும் எங்கள் செல்வங்கள்.' கை கூப்பிய பன்னிரண்டு முகம். நான்காவது முகத்தின் கீழே கோயில் பெயர், பள்ளிப் பெயர், வகுப்பு, அப்பன் பெயர் எல்லாம் அச்சுச் சுத்தமாக. நான் குருத்தோலையோடு கீழே நின்று படித்தேன். முதலில் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிழையில்லாமல் அடித்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் கயிற்றை அவிழ்க்க ஆள் தேடினேன்.

பூசை முடியும் முன்பே அவிழ்த்துவிட்டோம். ஆனால் அதற்குள் படம் எல்லார் போனிலும் ஏறிவிட்டது. புனித வாரம் முழுதும் ஒன்றும் நடக்கவில்லை. ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை தாலுகா ஆபீசிலிருந்து குழந்தைவேலுக்குப் போன் வந்தது. மொட்டைப் பெட்டிஷன். குடும்பமே கிறிஸ்தவர்கள், பெரிய பெண் பொய்ச் சான்றில் நர்சிங் படிக்கிறாள், விசாரிக்க வேண்டும் என்று. கூடவே ஃபிளக்ஸ் படம்.

தனக்கொடி நேராக என் வீட்டுக்கு வந்தாள். நடவு வேலையிலிருந்து வந்த சேறுகூடக் காலில் காயவில்லை. வாசலில் நின்றபடியே, "இன்னா டீச்சர், நீங்களே இப்படி பண்ணிட்டீங்க? வேற யாராவது பண்ணியிருந்தா இந்நேரம் அவங்க வூட்டு வாசல்ல மண்ண வாரி எறிஞ்சிருப்பேன். உங்கள இன்னான்னு திட்டறது, சொல்லுங்க" என்றாள். திட்டு என்றேன். "திட்ட வரலியே" என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். இரண்டு சொம்பு குடித்தாள். பிறகு, "பாப்பா பேர லிஸ்ட்லேந்து எடுத்துடுங்க டீச்சர். அவ நன்மை வாங்கல. பெரியவ படிக்கட்டும். சாமி கோச்சிக்காது. ஆபீஸ்காரங்க கோச்சிப்பாங்க" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருவாண்டார்கோயில் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து சாயங்காலம் குழந்தைவேலும் வந்தார். வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கோபம்கூடப் படவில்லை.

மறுநாள் வைஜெயந்தி ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "டீச்சர், நான் படிப்ப வுட்டுட்டு வந்துடறேன். தங்கச்சி ஆசப்பட்டது நடக்கட்டும். நான் ஏதாச்சும் கடைல நின்னுக்கறேன்" என்றாள். நான் அவளைத் திட்டிய திட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஃபாதரிடம் போனேன். அவரும் இப்படிப்பட்ட ஒரு தெருவிலிருந்து வந்தவர்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். பிறகு, "டீச்சர், ஞானஸ்நானப் புஸ்தகத்த அவங்க கேட்டா நான் காட்டித்தான் ஆகணும். கேக்காத வரைக்கும் அலமாரி பூட்டித்தான் இருக்கும்" என்றார். அவரால் அவ்வளவுதான் முடியும். அதுவும் கொஞ்சமல்ல.

எல்லாவற்றிலும் கடினம் பிள்ளையிடம் சொல்வது. அதையும் நான்தான் சொன்னேன். புது நன்மை ஞாயிறு உனக்கு இல்லை பெர்னதெத், கொஞ்சம் தள்ளிப்போகிறது என்றேன். ஏன் என்று கேட்டாள். அக்காவின் படிப்புக்காக என்றேன். "அக்கா படிக்கறதுக்கும் நான் சாப்புடறதுக்கும் இன்னா டீச்சர்?" என்றாள்.

விசாரணைக்கு ஆள் வரப்போவதாகச் சொல்கிறார்கள். அவர் கோயிலுக்குப் போகமாட்டாராம், பள்ளிக்குத்தான் வருவாராம். அந்தப் பட்டியல் என் கையெழுத்து என்பதால் என்னைத்தான் கேட்பார். என்ன சொல்வது என்று நீங்கள் எழுதுங்கள். உங்கள் பதில் வருவதற்குள் அவர் வந்துவிடுவார் என்று தெரியும். இருந்தாலும் எழுதுங்கள்.

ரோசம்மாள்


சூசைபாளையம்
மே 4

அன்புள்ள சிஸ்டர்,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் பதில் கிடைத்தது. 'உண்மையை விட்டு விலகாதீர்கள், பிள்ளைகளையும் கைவிடாதீர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். என்னால் இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியவில்லை.

வருவாய் ஆய்வாளர் ஏப்ரல் இருபதாம் தேதி வந்தார். கமலக்கண்ணன் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். என்னைப்போலவே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மிரட்டுவார் என்று எதிர்பார்த்து இரவெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "டீச்சர், இந்த வாரம் மட்டும் என் டேபிள்ல ஒம்போது பெட்டிஷன். ஒருத்தன் நல்லா இருக்கறது இன்னொருத்தனுக்குப் புடிக்கல, அவ்ளோதான்" என்று சலித்துக்கொண்டார். பெட்டிஷனை என் முன்னால் வைத்தார்.

படித்தேன். கையெழுத்தை மாற்றி எழுதப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூன்றாம் வகுப்பில் நான் கை பிடித்துப் பழக்கிய எழுத்து எனக்குத் தெரியாமல் போகுமா? ஒரு பிழை இல்லை. பத்தி பிரித்திருந்த விதம், முடிவில் 'தாழ்மையுடன்' என்று போட்டிருந்த இடம், எல்லாம் நான் விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்தபடியே. யார் என்று உங்களுக்கும் எழுதமாட்டேன். ஞாயிறுதோறும் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிற என் பழைய மாணவன். அவனுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு நர்சிங் கிடைக்கவில்லை.

கமலக்கண்ணன் டீ குடித்து முடித்தார். "இங்க இந்துப் பசங்களும் மெழுகுதிரி புடிச்சிக்கினு வெள்ள டிரெஸ்ல போறாங்களாமே டீச்சர்? என் அக்கா பேரன்கூட இங்கதான் படிச்சான், போட்டோ பாத்திருக்கேன். அந்த மாதிரி இந்தப் பாப்பாவையும் சேத்துட்டாங்க, ஃபிளக்ஸ்ல தப்பாப் போட்டுட்டாங்கன்னு எழுதிக் குடுங்க. ரிட்டயர்டு டீச்சர் கையெழுத்து, நான் ஃபைல மூடிடறேன்" என்றார். வெள்ளைத் தாளை அவரே எடுத்து வைத்தார்.

எழுதினேன். அர்ச்சனா எங்கள் பள்ளி மாணவி. மெழுகுதிரி ஏந்தத் தேர்வானவள். பெயர்ப் பட்டியல் தயாரித்ததில் நேர்ந்த பிழை என்னுடையது. இதுவரை பரவாயில்லை, கடைசி வரி உண்மையும்கூட. பேனாவை மூடப் போனேன். அவர் குனிந்து படித்துவிட்டு, "ஞானஸ்நானம் ஆகலன்னு ஒரு வரி சேத்துடுங்க டீச்சர். மேல கேட்டா அதத்தான் கேப்பாங்க" என்றார்.

நாற்பது வருடம் நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். அன்றைக்கு அவர் சொல்ல நான் எழுதினேன். 'மேற்படி சிறுமி ஞானஸ்நானம் பெற்றவர் அல்ல என்று உறுதியளிக்கிறேன்.' சிஸ்டர், அந்தப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றியபோது கழுத்தைத் தாங்கிப் பிடித்த கை இது. அந்தக் கையால் எழுதினேன். எழுத்து நடுங்கவில்லை. அழகாகவே வந்தது.

ஃபைல் மூடிவிட்டது. வைஜெயந்தி இப்போது பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இந்த வரி தெரியாது, தெரியவும் வேண்டாம்.

தனக்கொடிக்கு மட்டும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு யோசனை வந்தது. "அப்போ ஞாயித்துக்கெழம பாப்பா மெழுகுதிரி புடிச்சே ஆகணும் டீச்சர். வூட்ல வெச்சிக்கினா சந்தேகம் வரும். நீங்க எழுதனது நெசமாவணும் இல்ல?" என்றாள். சரிதானே. நான் எழுதிய பொய்யை ஒன்பது வயதுப் பிள்ளை நடந்து காட்ட வேண்டியிருந்தது.

புது நன்மை ஞாயிறன்று, நன்மைக்கு என்று தைத்த அதே வெள்ளை உடுப்பில், தலையில் வைக்கும் பூமுடி மட்டும் இல்லாமல், ஹரிஹரனுக்குப் பக்கத்தில் திரி ஏந்தி வந்தாள். அவன் பவனி முழுதும் அவளிடம் பேசிக்கொண்டே வந்தான். பதினோரு பேரும் நன்மை வாங்க வரிசையில் போனார்கள். கடைசியில் நின்ற சின்னவனுக்குக் கையை எப்படி வைப்பது என்று மறந்துபோயிற்று. இவள் தன் இடத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டினாள், இடது கை மேலே, வலது கை கீழே. அவன் பார்த்துச் சரிசெய்துகொண்டான். அதற்குமேல் நான் பார்க்கவில்லை.

எனக்கு முன்னால் இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தவனும் எழுந்து போய் நன்மை வாங்கினான். நான் எழுந்து போகவில்லை. அவனுக்கு என்ன தீர்ப்பு என்று எண்ண எனக்கு அன்றைக்கு உரிமையில்லை.

அந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் நன்மை வாங்கக் கூடாது, இரண்டு ஞாயிறாக நான் வாங்கவில்லை. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று எத்தனை வருடம் விரலை மடக்கிச் சொல்லியிருக்கிறேன். முதல் விரல், பாவத்தை நினைத்துப் பார்ப்பது. அதில் குறைவில்லை, வேறு எதையும் நினைக்கவில்லை. இரண்டாவது விரலில் நிற்கிறேன். மனம் வருந்த வேண்டும். அந்தப் பட்டியலுக்காக வருந்துகிறேன். பிள்ளைக்காக வருந்துகிறேன். அந்த வரிக்காக வருந்து என்று மனதைக் கேட்டால், அது வைஜெயந்தியின் வெள்ளைக் கோட்டைக் காட்டுகிறது. மறுபடியும் கமலக்கண்ணன் வந்து தாளை வைத்தால் மறுபடியும் எழுதுவேன். வருத்தமில்லாமல், ஃபாதர் உட்காரும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டால் அது என் பிள்ளைகள் சொன்ன அண்ணனின் பென்சில் போலத்தான். ஃபாதருக்கு எல்லாம் தெரியும், வெளியிலேயே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகும் தொட்டியில் கொஞ்ச நேரம் காத்திருக்கிறார். நான் பூச்சட்டியைத் துடைப்பதுபோல வெளியிலேயே நிற்கிறேன். பிறகு அவர் விளக்கை அணைக்கிறார்.

அர்ச்சனா விடவில்லை. நேற்று வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவசங்கீர்த்தனம் செய்து இரண்டு மாதமாகப் போகிறதாம். நன்மை வாங்கும்வரை ஆத்துமம் அழுக்காகக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேனாம். அதற்காக இவ்வளவு நாளும் யாரிடமும் சண்டை போடவில்லை, பக்கத்து வீட்டு மாங்காயைத் தொடவில்லை, அம்மாவை எதிர்த்துப் பேசவில்லை. "எத்தினி நாளு டீச்சர் நான் பாவம் பண்ணாம இருக்கறது? ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றாள். முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே களைத்திருந்தாள், சிஸ்டர். பெரியவர்களின் களைப்பு அது. பிள்ளை முகத்தில் வரக்கூடாதது.

ஆகையால் கேட்கிறேன். அவளுக்கு நன்மை கொடுக்க இங்கே எந்தப் பங்குக்குக் கூட்டிப்போனாலும் யாராவது ஒருவருக்கு யாராவது உறவு. வேளாங்கண்ணிக்குப் போனால் பாதி சூசைபாளையம் அங்கேதான் நிற்கும். உங்கள் ஊரில் எங்களை யாருக்கும் தெரியாது. விடுமுறை விட்டுவிட்டார்கள். சென்னை போய் ரயில் ஏறினால் இரண்டு நாளில் வந்துவிடலாம் என்கிறார்கள். குழந்தைவேலிடம் கேட்டேன். வழக்கம்போல சைக்கிளைப் பிடித்தபடி, "போய்ட்டு வரட்டும் டீச்சர். போட்டோ மட்டும் எடுக்க வேணாம்" என்றார். தனக்கொடி பயணத்துக்கு முறுக்கு சுடுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஃபாதர் நேற்றுப் பூசை முடிந்து ஒரு கவரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் முத்திரை போட்ட ஞானஸ்நானச் சான்று. பெயர் பெர்னதெத். ஞானத்தாய் என்ற இடத்தில் என் பெயர்.

ஒரு வார நாள் காலைப் பூசை போதும். பாட்டு வேண்டாம், பூ வேண்டாம். நீங்கள் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். அந்த வெள்ளை உடுப்பை எடுத்து வருகிறேன், பூமுடியையும். பிறகு அவளை உங்கள் கான்வென்ட் தோட்டத்தில் ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள், மாமரம் இருந்தால் நல்லது.

உங்கள் ஊர்ச் சாமியாருக்கு சந்தாலியும் இந்தியும்தான் தெரியும், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்கு அது தடையில்லை. ஆமென் சொன்னால் போதும். அதற்கு முந்தின நாள் நானும் அவருடைய தொட்டியில் முழங்காலிடலாம் என்று இருக்கிறேன். தமிழில்தான் சொல்வேன். என்னிடம் இருப்பதை இருக்கிறபடியே சொல்வேன், இல்லாத வருத்தத்தை இருப்பதாகச் சொல்லமாட்டேன். அவர் என்ன புரிந்துகொள்கிறாரோ, ஆண்டவர் என்ன புரிந்துகொள்கிறாரோ, அவர்கள் பாடு. உங்களிடம் கேட்பது ஒன்றுதான், சிஸ்டர். அப்போது பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வந்துவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரோசம்மாள்